பத்தி இல்லை, வெள்ளி

எங்க பக்கத்துல மினுக்குற எல்லாத்துக்கும் ஒரே பேருதான், வெள்ளி. நட்சத்திரம்னு சொல்றதெல்லாம் கோயில்ல பிரசங்கம் வைக்கிற சாமியாரும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்தான். வூட்டுலயும் வயல்லயும் முந்திரிக்காட்டுலயும் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வானம் நெறைஞ்சு கெடந்தா "வெள்ளி பூத்திருக்கு"ம்போம். மின்மினிப் பூச்சி கூட்டமாப் பறந்தா வெள்ளி எறங்கியிருக்கும்போம். அடுப்புலேருந்து எறக்குன சட்டிக்கு அடியில கரி மினுக்குனாக்கூட வெள்ளி பூக்குதுன்னுதான் சொல்லுவோம். சின்னதா, வெள்ளையா, பளிச்சுன்னு ஒரு புள்ளி, அதுதான் எங்களுக்கு வெள்ளி. இதை எதுக்கு முதல்லயே சொல்லி வைக்கிறேன்னா, படிச்சவங்க யாராவது இதைப் படிச்சுட்டு "அவரு அப்படிச் சொன்னது தப்புத்தானே"ன்னு என்கிட்ட வந்து கேக்கக் கூடாது. கேட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

நான் வாக்கப்பட்டது வரதராசன்பேட்டைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. செம்மண்ணு, முந்திரி, கம்பு, மல்லாக்கொட்டை. ஊருல பாதி எங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு கப்பல் படையில சேந்துட்டாரு. சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம் அது. மழையும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. திருச்சியில ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு அவரும் அவரோட சித்தப்பா மவனும் ஒண்ணாக் கெளம்பிப் போனாங்க. அந்தத் தம்பி எனக்குக் கொழுந்தன் முறை. அப்பா கெடையாது, அவங்க அம்மாவுக்கு ஒத்தப் புள்ளை. அந்த அம்மாவை நான் அத்தைன்னு கூப்புடுவேன், எங்க வூட்டுக்காரரு சின்னம்மாம்பாரு. அத்தை அழுதுக்கிட்டே அனுப்புனாங்க. நான் அழலை. எனக்கு அப்ப ஆத்திரந்தான் வந்துச்சு. கொள்ளிடத்து வெள்ளத்துக்கு மேல பெரிய தண்ணியைக் கண்ணால பாக்காத ரெண்டு பேரு கடலுக்குக் காவல் காக்கப் போறாங்களாம்.

அவருக்குக் குடுத்த வேலை, கண்ணால பாத்துக்கிட்டே இருக்கிற வேலை. கப்பல் முனையில நின்னுக்கிட்டு, கண்ணு எட்டுற மட்டும் தண்ணியையும் வானத்தையும் பாக்கணும். எதைக் கண்டாலும் கத்திச் சொல்லணும். நம்ம பாஷை அங்க கெடையாது. எல்லாம் இந்துஸ்தானிதான். வெளக்குக்கு அங்க பேரு பத்தி. மனுசன் ஏத்துன வெளக்குக்குத்தான் அந்தப் பேரு. பத்தின்னு ஒருத்தன் கத்துனா, அதுக்குக் கீழ ஒரு கப்பலோ படகோ இருக்குன்னு அர்த்தம், அவ்வளவு பேரும் ஓடியாருவாங்க. ஒருதடவை லீவுல வந்தப்ப அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு "பத்தி எங்கடி"ன்னு கேட்டாரு. நான் மாடத்துலேருந்து ஊதுபத்தியை எடுத்து நீட்டுனேன். அன்னிக்கு அவரு சிரிச்ச சிரிப்பு மாதிரி அதுக்கப்புறம் நான் கேக்கலை.

நடந்ததை அவரு என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு, ஒரு தடவையும் மாத்திச் சொன்னதில்லை. பொழுது சாஞ்ச நேரம், இருட்டு இன்னும் கட்டலை. பட்டணத்துக்கு வடக்க எங்கேயோ நடுக்கடல்ல கப்பலு போயிக்கிட்டிருந்துச்சு. தண்ணிக்கு மேல ஒரு பனமரத்து ஒசரத்துல வெள்ளையா ஒரு புள்ளி. மொதல்ல சின்னதா இருந்துச்சாம், அப்புறம் பெருசாச்சாம். சத்தம் இல்லை, பொகை இல்லை. கீழ எறங்கி, எறங்குன எடத்துலயே நின்னுச்சாம். அதுக்குக் கீழ இருந்த தண்ணி மட்டும் பால் கொட்டுனாப்பல தெரிஞ்சுதாம். பக்கத்துல கவுறு சுத்திக்கிட்டிருந்த கொழுந்தனைத் தட்டி, "டேய், அங்க பாரு, ஒரு வெள்ளி"ன்னாரு. அதுதான் அவரு வாயிலேருந்து வந்த மொதல் சொல்லு. கொழுந்தனும் பாத்துச்சாம்.

ஓடியாந்த சின்னதுரை, கப்பல் அதிகாரிங்கள்ல ஒருத்தரு, "பத்தியா"ன்னு கேட்டாரு. இவரு "பத்தி இல்லை"ன்னாரு. எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் தீராத எடம் இதுதான். பத்தின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். ஆனா பத்தின்னா மனுசன் ஏத்துனது, அதுக்கு அடியில படகு இருக்கணும், அங்க படகு ஒண்ணும் இல்லை, இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றதுங்கிறாரு. அப்படி ஒரு நாக்கு அவருக்கு. கப்பலுக்கே தலைவரான பெரிய துரையும் மேல வந்து தூரக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, எதிராளியோட புது ஆயுதமா இருக்குமோ, எவனாவது தண்ணியில தத்தளிக்கிறானோன்னு சந்தேகப்பட்டு, ஒரு படகை எறக்கி, போயிப் பாத்துட்டு வரச் சொல்லி ஆளை அனுப்புனாரு. துடுப்புப் போட்டவங்கள்ல கொழுந்தனும் ஒருத்தன். பாதி தூரம் போயிருக்காது, வெள்ளி அணைஞ்சுபோச்சு. அப்புறம் படகும் தெரியலை. விடிய விடியக் கப்பலு அங்கனயே சுத்துச்சாம். ஒரு துடுப்புக்கூட கெடைக்கலை.

பட்டணத்துல விசாரணை வச்சாங்க. நீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரைங்க, இந்தப் பக்கம் இவரு. நடுவுல தமிழை இங்கிலீசாக்கிச் சொல்ல ஒரு பட்டணத்துக்காரரு. அவரு கெட்டவரு இல்லையாம், தண்ணிகூட வாங்கிக் குடுத்தாராம். அந்த மாதிரி வெளிச்சத்தை அந்தக் காலத்துல வேற கப்பல்காரங்களும் பாத்திருக்காங்கன்னு சர்க்காருக்கு சேதி போயிருந்துச்சாம், அதனால துருவித் துருவிக் கேட்டாங்க. இவரு தன் பாஷையில தெளிவாத்தான் சொன்னாரு: "ஒரு வெள்ளி வந்து நின்னுச்சுங்க." பட்டணத்துக்காரருக்கு வெள்ளின்னா ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலமும் விடியக்காலையும் ஒத்தையா நிக்குமே, அந்த வெள்ளி. அப்படியே எடுத்துச் சொல்லிட்டாரு. நானும் ஏதோ பாத்தேன்னு மொதல்ல சொன்ன பெரிய துரை, அதைக் கேட்டதும் நான் பாத்ததும் அதுவாத்தான் இருக்கும்னு மாத்திக்கிட்டாராம்.

கடைசியில தீர்ப்பு மாதிரி ஒண்ணைப் படிச்சாங்க. இவருக்கு அதுல ஒரு சொல்லுதான் காதுல விழுந்துச்சு, வீனஸ். திரும்பத் திரும்ப வீனஸ். நம்ம வீண்ணு சொல்றோமே, அதைத்தான் துரைமாரு வாயில அப்படிச் சொல்றாங்கன்னு நெனைச்சுட்டாரு. எல்லாம் வீணாப்போச்சுன்னு வருத்தப்படுறாங்க, தம்பிக்காகத்தான் வருத்தப்படுறாங்கன்னு நெனைச்சு, இந்த மனுசன் அவங்களைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு. அதுக்கப்புறந்தான் டாக்டருகிட்ட அனுப்புனாங்க. அந்த டாக்டரு கண்ணு சரியில்லைன்னு எழுதி வூட்டுக்கு அனுப்பி வச்சுட்டாரு. ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணு தெரியாதப்ப எனக்குக் கோத்துக் குடுத்த மனுசன் அவரு.

ஊருக்கு வந்து எங்க கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாருகிட்ட அந்தச் சொல்லைக் கேட்டாரு. வாத்தியாரு நல்ல மனுசன், வெவரமானவரு. வீனஸ்னா சுக்கிரன்டா, விடிவெள்ளின்னு சொல்றமே அதுன்னாரு. நானும் அப்பக் கூட இருந்தேன். தெனம் சாயங்காலம் வானத்துல தெரியுற ஒண்ணை ஆபத்துன்னு கத்தி, தம்பியைத் தண்ணிக்குள்ள அனுப்புனவன்னு தன்னை எழுதி வச்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எங்க வூட்டுக்காரருக்குப் புரிஞ்சுது.

அத்தைக்கும் அந்தச் சேதி வேற வழியில வந்து சேந்துருச்சு. இவரு அவங்க வாசல்ல போயி நின்னாரு. அத்தை அழலை, கத்தலை. நெலைப்படியில கையை வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "என் மவன் எதைப் பாக்கப் போனான்னு சர்க்காரு சொல்லட்டும். அதுக்கப்புறம் நீ வூட்டுக்குள்ள வா." அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கிட்டாங்க. மவனுக்குத் துக்கப் பூசையும் வைக்கலை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி வாங்கிக்கிட்டுப் போவும், அத்தை போவ மாட்டாங்க. எதுக்காகச் செத்தான்னு தெரியாம எப்படி வெளக்கேத்துறதுன்னு சாமியாருகிட்டயே கேட்டுட்டாங்களாம்.

அதுக்கப்புறம் இவரு இருந்த இருப்பை என்னன்னு சொல்றது. வேலைக்குப் போவாரு, வருவாரு, சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. ஊருல பட்டப்பேரு வச்சுட்டானுவோ, வெள்ளிக்காரன்னு. கடைத்தெருவுல போனா, "என்ன மாப்புளே, இன்னிக்கு வெள்ளி எங்க நிக்கிது"ம்பானுவோ. கட்டையில போறவனுவோ. ஒருத்தன் என் காதுபடச் சொன்னப்ப, கையில இருந்த சாணிக்கூடையோட அவன்மேல போனேன், நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. எல்லாருக்கும் வேணா கோவம் வரலாம், இவருக்கு மட்டும் வரக் கூடாதாம். சின்னம்மா மொகத்துல முழிக்க ஒரு வழி வேணும், அந்த ஒண்ணுதான் எனக்கு வேணும்பாரு. வேற எதையும் அவரு கேட்டு நான் பாக்கலை. எங்களுக்குப் பொண்ணு பொறந்தப்பக்கூட, சின்னம்மா வந்து பாத்தாங்களான்னுதான் மொதல்ல கேட்டாரு. வரலை.

சண்டை முடிஞ்சு, சுதந்திரம் வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி, மணியக்காரரு ஆள் வுட்டுக் கூப்புட்டாரு. கப்பல் படையிலேருந்து ஒரு துரை வர்றாராம். சண்டை நேரத்துல கடல்ல வெளிச்சம் பாத்தவங்களை ஊரு ஊராப் போயி மறுபடியும் விசாரிக்கிறாராம். நெறைய கப்பல்லேருந்து ஒரே மாதிரி சேதி வந்திருக்காம், முந்தி சரியா விசாரிக்காம வுட்டதை இப்ப திருத்தப் போறாங்களாம். அரியலூர் பங்களாவுக்கு இவரு வரணும். மணியக்காரரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இவரு கண்ணு கலங்கிப் போச்சு. கர்த்தரு கண்ணைத் தொறந்துட்டாருன்னு நானும் நெனைச்சேன்.

இங்கதான் அவருக்கும் எனக்கும் சண்டை வந்துச்சு. இந்தத் தடவை தமிழ்ல பேசவே மாட்டேன்னுட்டாரு. தமிழ்ல சொல்லித்தானே இந்தக் கதி, நடுவுல ஒருத்தன் வேண்டாம், நானே துரைகிட்ட இங்கிலீசுல சொல்லிடுறேன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீசை வச்சுக்கிட்டு ஒரு வாழக்காகூட வாங்க முடியாதுன்னு நான் சொன்னேன். கேக்கலை. நேரா வாத்தியாருகிட்டப் போனாரு. "சார், அவங்க எழுதுன வெள்ளி அந்த ஒத்த வெள்ளி. நான் சொன்னது பொதுவா வெள்ளி. அதுக்கு இங்கிலீசுல என்ன?" வாத்தியாரு சரியாத்தான் சொன்னாரு. அதுக்கு ஸ்டாருன்னு பேரு. அவரைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? வெள்ளிக்கு ஸ்டாருதான். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து வாக்கியம் பண்ணுனாங்க. இட் வாஸ் எ ஸ்டார், சார். நாட் வீனஸ். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, குளிக்கும்போது, செபமாலை சொல்லி முடிச்ச கையோட, எந்நேரமும் அதே வாக்கியம். புள்ளைகூட மழலையில சொல்ல ஆரம்பிச்சுடுச்சு.

போற அன்னிக்கு வெடியக்காலம் தெருமுனையில அத்தை நின்னுக்கிட்டிருந்தாங்க. அத்தனை காலத்துல அவங்களா வந்து எங்க முன்னாடி நின்னது அன்னிக்குத்தான். இவருகிட்டப் பேசலை. ஒரு துணியில அவிச்ச மல்லாக்கொட்டை கட்டி என் கையில குடுத்தாங்க. "வழியில பசிச்சா திங்கச் சொல்லு"ன்னாங்க. இவரு அந்த முடிச்சை என்கிட்டேருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. ஜெயங்கொண்டம் போயி, கரி போட்டு ஓட்டுற பஸ்சுல ஏறி, உடையார்பாளையத்துல அது நின்னுபோயி, எறங்கித் தள்ளி, ஒரு வழியா அரியலூர் போயிச் சேந்தப்ப உச்சிப்பொழுது தாண்டிடுச்சு. மேலெல்லாம் கரி. குழாயடியில மொகத்தைக் கழுவிட்டு சட்டையை இழுத்து வுட்டுக்கிட்டாரு. அந்த முடிச்சை அவுக்கவே இல்லை. திரும்பிப் போகையில சின்னம்மா வூட்டுல உக்காந்து திங்கிறேன்னு சொன்னாரு.

பங்களாவுல அந்தத் துரை வாசல்ல குனிஞ்சு எதையோ பொறுக்கிக்கிட்டிருந்தாரு. எங்க அரியலூர் மண்ணுல கல்லாப்போன கிளிஞ்சலு கெடைக்கும், மாடு மேய்க்கிற புள்ளைங்க வெளையாடுங்க. ஒரு காலத்துல இந்த ஊரே கடலாம், அதைத்தான் கூட இருந்த குமாஸ்தாகிட்ட ஆசையா சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒண்ணைத் தொடைச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. நல்ல மொகந்தான், சின்ன வயசு. தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் கூட்டியாந்திருந்தாரு. துரை இவரைப் பாத்து இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டாரு. இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டு "யெஸ் சார்"ன்னாரு. துரைக்கு ஒரே சந்தோசம். தமிழ் ஆளைப் பாத்து, நீ வெளியில இருன்னு கையைக் காட்டிட்டு, இவரை உள்ளார கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

நான் புளியமரத்தடியில உக்காந்திருந்தேன். அந்தத் தமிழ் ஆளு வந்து எதிர்ல ஒரு கல்லுல உக்காந்தாரு. எந்த ஊரும்மான்னு கேட்டாரு, சொன்னேன். நான் திருமழபாடிப் பக்கந்தான்னாரு. வெயிலு சுட்டெரிக்குது, மழை வந்தாத் தேவலைன்னேன். அவரு மேல பாத்துட்டு, ஏதோ போற போக்குல சொன்னாரு: "வரும்மா. நேத்து ராத்திரி ஒரு வெள்ளிகூடக் கண்ணுல படலை. மேகம் மூடிக்கெடந்துச்சு."

வெள்ளின்னு சொல்றாரு இந்த மனுசன். எங்களை மாதிரியே சொல்றாரு. இவருகிட்டத் தமிழ்ல சொல்லியிருந்தா அத்தனையும் அப்படியே புரிஞ்சிருக்கும். நான் எந்திரிச்சுட்டேன். மூச்சு வாங்க வாங்க அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கொழுந்தன் போனது, வீனஸ்னு எழுதுனது, அத்தை கதவைச் சாத்துனது, உள்ள அவரு என்ன சொல்லப் போறாருங்கிறது. ஸ்டாருங்கிற சொல்லைக் கேட்டதும் அவரு தலையில கையை வச்சுக்கிட்டாரு. "அடடா, அதைச் சொல்லக் கூடாதேம்மா"ன்னுட்டு பங்களா பக்கம் வேகமாப் போனாரு. வாசல்ல காவலுக்கு நின்ன டவாலி அவரை உள்ள வுடலை. துரை கூப்புட்டாத்தான் வுடுவானாம். நான் அந்த டவாலியைத் திட்டுன திட்டு அவன் சென்மத்துக்கும் கேட்டிருக்க மாட்டான். கதவு தொறக்கலை.

உள்ள என்ன நடந்துச்சுன்னு அப்புறம் அவரு சொல்லித்தான் தெரியும். மொதல்ல அந்த வாக்கியத்தைப் பிசகாம சொன்னாராம். துரை தலையை ஆட்டி எழுதிக்கிட்டாராம். அது அசைஞ்சுதான்னு கேட்டாராம். யெஸ் சார், கம் டவுன். கலரு? ஒயிட். சத்தம் இருந்துச்சா? நோ சார். அப்புறம் காணாமப் போயிடுச்சா? யெஸ் சார். கேட்ட ஒவ்வொண்ணுக்கும் இவரு உண்மையைத்தான் சொல்லியிருக்காரு. அந்தப் பாலு கொட்டுன தண்ணியைச் சொல்ல அவருகிட்ட இங்கிலீசு இல்லை. கையைக் கையை ஆட்டிக் காட்டுனாராம், துரை அலைன்னு நெனைச்சுட்டாரு போலருக்கு. நட்சத்திரம் வெள்ளையாத்தான் இருக்கும், சத்தம் போடாது, கீழ எறங்கும், மறைஞ்சுபோவும். துரைக்கு இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

வெளியில வந்தப்ப துரை இவரு தோள்ல கையைப் போட்டுக்கிட்டு வந்தாரு. இவரு மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பாத்து, முடிஞ்சுதுடி, சொல்லிட்டேங்கிற மாதிரி தலையை ஆட்டுனாரு. அதைத்தான் என்னால இன்னிவரைக்கும் தாங்க முடியலை. திருமழபாடிக்காரரு துரைகிட்ட ஓடிப்போயி இங்கிலீசுல ரொம்ப நேரம் சொன்னாரு. துரை நின்னு கேக்கத்தான் செஞ்சாரு. கேட்டுட்டு, இவரைப் பாத்து "ஸ்டாருன்னுதானே நீ சொன்னே?"ன்னாரு. இவரு யெஸ் சார்ன்னாரு. ஸ்டாருன்னா என்னன்னு தெரியுமான்னு துரை வானத்தைக் காட்டுனாரு. இவரு அதுக்கும் யெஸ் சார்ன்னாரு. துரை ஏதோ சொல்லிட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.

அவரு சொன்னதைத் திருமழபாடிக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டே எங்களுக்குச் சொன்னாரு. "முந்தி நடுவுல ஒருத்தரு இருந்து சொன்னது. அதைத் திருத்தலாம்னுதான் வந்தாங்க. இப்ப நீங்களே உங்க வாயால இங்கிலீசுல சொல்லியாச்சு. இதுக்குமேல நான் மாத்திச் சொன்னா நான் சொல்லிக்குடுத்ததா ஆயிரும்ங்கிறாரு. இனிமே இதை யாரும் தொறக்க மாட்டாங்கம்மா." "நான் வீனஸ் இல்லைன்னு சொன்னேனே"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. "ஆமாங்க, அதை மாத்திட்டாரு. சுக்கிரன் இல்லை, வேற நட்சத்திரம்னு எழுதியிருக்காரு"ன்னாரு அந்த மனுசன். அப்பத்தான் இவருக்கு வெளங்குச்சு. அந்தச் செம்மண்ணுலயே உக்காந்துட்டாரு. நான் தூக்குனேன். அன்னிக்கு அவரை நான் ஒரு வார்த்தை திட்டலை.

ஊருக்கு வந்ததும் மொகம்கூடக் கழுவாம அத்தை வாசலுக்குப் போனாரு. நான் பின்னாடியே போனேன். அத்தை கதவைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாங்க. உள்ள ஒரு பாய் விரிச்சுக் கெடந்துச்சு, பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி. இவருக்காக விரிச்சதுன்னு பாத்ததும் தெரிஞ்சுது. பொய் சொல்லிடுங்கன்னு நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டே நின்னேன். இவரு சொல்லலை. "வெள்ளின்னுதான் எழுதிக்கிட்டுப் போறாங்க சின்னம்மா"ன்னாரு.

அத்தை கேட்டாங்க: "வெள்ளிய நான் இங்க உக்காந்தே பாக்குறேனேடா. அதைப் பாக்கவா எம்புள்ளை அம்புட்டுத் தூரம் போனான்?" இவரு மடியிலேருந்து அந்த மல்லாக்கொட்டை முடிச்சை எடுத்துப் படியில வச்சாரு. அத்தை பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

ஒருவேளை அது நெசமாவே வெறும் நட்சத்திரந்தானோன்னு நானும் நெனைச்சதுண்டு. அவருகிட்ட ஒரு தடவை கேட்டுப்புட்டேன். அவரு கோவிச்சுக்கலை. "எனக்கும் இப்பல்லாம் அப்படித் தோணுதுடி. ஆனா தம்பியும் பாத்தானே"ன்னாரு. பாத்த அந்த இன்னொரு கண்ணு கடலுக்குள்ள போயிருச்சு. யாரைப் போயிக் கேக்குறது?

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அத்தை வந்தாங்க. மழை தூறிக்கிட்டிருந்த சாயங்காலம். கொழுந்தனுக்குக் குழி இல்லையே, அதனால சுவத்தோரமா வெத்து மண்ணுல ஒரு மெழுகுவத்தியை நட்டாங்க. சர்க்காரு சொல்லும்னு காத்திருந்தது போதும்னு வுட்டுட்டாங்க போலருக்கு. நாங்க எங்க மாமனாரு கல்லறையில நின்னுக்கிட்டிருந்தோம். காத்துல அத்தையோட வத்தி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. இவரு தயங்கித் தயங்கிக் கிட்டப் போயி, ரெண்டு கையாலயும் காத்தை மறைச்சுக்கிட்டு உக்காந்தாரு. அத்தை வெரட்டலை. தீக்குச்சியைக் கிழிச்சு ஏத்துனாங்க. அது நின்னு எரிஞ்சுது.

அதைப் பாத்துக்கிட்டே அத்தை கேட்டாங்க. "இதுக்கு உங்க கப்பல்ல என்னடா பேரு?"

"பத்தி, சின்னம்மா."

"அதையே சொல்லியிருந்தா, எம்புள்ளை ஒரு வெளக்கைப் பாக்கப் போனான்னு எழுதியிருப்பாங்கல்ல. ஏன்டா சொல்லலை?"

இவரு கையை எடுக்கலை. மெழுகு சொட்டிச் சொட்டி வெரல்ல வுழுந்துக்கிட்டிருந்துச்சு. தப்பு செஞ்ச புள்ளை மாதிரி மெதுவா சொன்னாரு.

"அது பத்தி இல்லையே சின்னம்மா."

அத்தை எந்திரிச்சு, சேலையில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவுட்டுக்கிட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க. வத்தி எரிஞ்சு முடியிற வரைக்கும் இவரு அங்கயே உக்காந்திருந்தாரு. மழை வலுத்துச்சு, நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தேன்.